காற்றாலையும் சோலாரும் சட்டமும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று நாலு மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் வந்திருந்தன. மின் உற்பத்தித் திட்டங்களின் அனுமதிக் கோப்புகளோடு நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெரும்பாலான கேள்விகளின் அடியில் கிடப்பது ஒன்றுதான்: நாட்டின் மின்சாரக் கொள்கையைக் கொழும்பில் எழுதுகிறார்கள், அதை ஒரு மாகாணமோ ஒரு பிரதேச சபையோ அசைக்க முடியுமா? முடியும். ஆனால் அதற்குக் கையில் எழுதப்பட்ட விதி ஒன்று இருக்க வேண்டும். வெறும் எதிர்ப்பு ஒரு திட்டத்தைச் சில மாதம் தாமதிக்க வைக்கும். விதி அடுத்த திட்டத்தையும் கட்டுப்படுத்தும்.

பேசாலையிலிருந்து ஒரு மீனவர்: "ஐயா, காற்றாலை வரப்போகுது எண்டு எங்களுக்குத் தெரிய வந்ததே லொறி வந்த பிறகுதான். மாகாண சபைக்கோ பிரதேச சபைக்கோ இதிலை ஒரு அதிகாரமும் இல்லையோ?"

இருக்கிறது, ஆனால் அரைகுறையாக. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம், மாகாணத்துக்குள் மின்சாரம் உற்பத்தி செய்யும் இடங்களை அபிவிருத்தி செய்யவும் நிர்வகிக்கவும் மாகாண சபைக்கு அதிகாரம் கொடுக்கிறது. கொடுத்த கையோடு இரண்டு விலக்கும் வைக்கிறது. நீர்மின்சாரம் அதில் சேராது. தேசிய மின்வலையமைப்புக்குப் போகும் மின்சாரமும் சேராது. உங்கள் பக்கத்தில் நிற்கும் தம்பபவனி 30 காற்றாலைகள் கொண்டது, 103.5 மெகாவாட். 2020 டிசம்பரில் திறந்தார்கள். அதன் மின்சாரம் நடுக்குடா உபமின்நிலையத்தால் தேசிய வலையமைப்புக்குப் போகிறது. ஆகவே மாகாண சபை இயங்கிக்கொண்டிருந்தாலும் மின்சாரம் என்ற வழியால் அதில் கை வைத்திருக்க முடியாது.

ஆனால் இன்னொரு வழி உண்டு: சுற்றாடல். சுற்றாடல் பாதுகாப்பு மத்திய அரசும் மாகாணமும் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய விடயம். இதை ஒரேயொரு மாகாணம்தான் முழுதாகப் பயன்படுத்தியது. வடமேல் மாகாண சபை 1990 இல் 12 ஆம் இலக்க நியதிச்சட்டத்தை, அதாவது மாகாண சபை இயற்றும் சட்டத்தை, நிறைவேற்றித் தனக்கென ஒரு சுற்றாடல் அதிகாரசபையை உண்டாக்கிக்கொண்டது. புத்தளம், குருநாகல் மாவட்டங்களில் தேசிய சுற்றாடல் சட்டத்தின் இடத்தில் இந்த நியதிச்சட்டம்தான் செயற்படுகிறது. நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையமான நுரைச்சோலை, 900 மெகாவாட், அந்த மாகாணத்துக்குள்தான் இருக்கிறது. மத்திய அரசின் நிலையமே சுற்றாடல் அனுமதிப்பத்திரத்துக்கு ஒரு மாகாண அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த அதிகாரசபை எவ்வளவு கண்டிப்பாக நடந்தது என்பதில் எனக்கு விமர்சனம் உண்டு. என்றாலும் அப்படி ஒரு வழி அவர்களிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை.

வடக்கில் 2013 செப்டெம்பரில் தெரிவான சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அந்த ஐந்து வருடத்தில் இப்படி ஒரு சுற்றாடல் நியதிச்சட்டம் வரவில்லை. அதற்குப் பிறகு மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை. ஆளுநர் நிர்வாகம் செய்யலாம், நியதிச்சட்டம் இயற்ற முடியாது. அதனால்தான் 2025 இல் புதிய காற்றாலைகளை எதிர்த்த மன்னார் மக்களுக்கு வீதியில் இறங்குவது தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்த ஓகஸ்டில் ஜனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்தச் சொன்னார். ஒரு மாதம் முடிந்ததும் வேலை திரும்பத் தொடங்கியது, செப்டெம்பர் முடிவில் மாவட்டம் முழுவதும் கதவடைப்பு நடந்தது. பணிப்புரையால் வந்த நிறுத்தம் பணிப்புரையோடேயே போய்விடும். நியதிச்சட்டம் ஒன்று இருந்திருந்தால் அதை அப்படி எடுத்துவிட முடியாது.

பூநகரியிலிருந்து ஒரு விவசாயி: "அதானி வாறார் எண்டு காணியெல்லாம் அளந்தாங்கள். பிறகு போயிட்டார். இதிலை எங்களுக்கு லாபமா நட்டமா அண்ணை?"

அதானி என்ற இந்தியக் கம்பனி பூநகரியில் 234, மன்னாரில் 250, இரண்டும் சேர்த்து 484 மெகாவாட் காற்றாலை கட்டும் என்று பேசினார்கள். யூனிட் ஒன்றுக்கு 8.26 அமெரிக்க சதம் என்று 2024 மே மாதம் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. போட்டிக் கேள்விப்பத்திரம் இல்லாமல் வந்த விலை அது. 2022 இல் மின்சாரச் சட்டத்தைத் திருத்தி அப்படிக் கொடுப்பதற்கு வழி விட்டிருந்தார்கள். சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின, ஆட்சி மாறியது, விலையைத் திரும்பப் பேசப்போவதாக அரசு சொன்னது, 2025 பெப்ரவரியில் கம்பனி விலகிக்கொண்டது.

அதே மன்னாரில் 50 மெகாவாட் காற்றாலைக்குப் போட்டி விலை கேட்டபோது ஓர் இலங்கைக் கம்பனி 4.65 சதத்துக்கு எடுத்தது. இரண்டும் ஒரே மாதிரித் திட்டங்கள் இல்லை. 484 மெகாவாட்டைக் கடத்தப் பெரிய மின்கம்பி வழி வேண்டும், 50 க்கு அது வேண்டாம். ஆனாலும் இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்லை. அந்தச் சதத்தை 20 வருடத்துக்கு உங்கள் கரண்ட் பில்லில் கட்டப்போவது நீங்களும் நானும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: நாட்டுக்கு லாபம். பூநகரிக்கு இன்னும் ஒன்றுமில்லை. காற்று அங்கேயேதான் இருக்கிறது, இன்னொருவர் வருவார். வரும்போது ஊருக்கு என்ன பங்கு என்று கேட்க உங்களிடம் ஒரு தாள் இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

வவுனியாவிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி: "சேர், கீழே உள்ள ஒரு பிராந்தியத்தின் சட்டம் மேலே தேசியக் கொள்கையை மாற்றியதற்கு உண்மையான உதாரணங்கள் இருக்கா? எனக்கு ஓர் ஒப்படைக்கு வேணும்."

இருக்கிறது பிள்ளை. இதில் கொஞ்சம் நேரம் எடுத்தே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் படிக்க வேண்டிய பாடம் இதில்தான் இருக்கிறது.

ஜேர்மனியில் ஆகன் என்று ஒரு நகரம். 1990களின் நடுப்பகுதியில், கூரையில் சோலார் போட்டவருக்கு அவருடைய செலவு முழுவதும் திரும்பக் கிடைக்கும் அளவுக்கு யூனிட் விலை கொடுக்க வேண்டும் என்று அந்த நகரசபை முடிவெடுத்தது. அதற்கான பணத்தை அந்த நகரத்தின் மின் பாவனையாளர்கள் எல்லாரும் பில்லில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார்கள். வேறு சில சிறு நகரங்களும் அதே நேரத்தில் இதைச் செய்தன. 2000 ஆம் ஆண்டு ஜேர்மனி முழுவதற்கும் வந்த புதுப்பிக்கத்தக்க சக்திச் சட்டம் அதே தத்துவத்தைத்தான் எடுத்தது: நிலையான விலை, 20 வருட உத்தரவாதம். உலகத்தில் பல நாடுகள் அதைப் பார்த்து எழுதின. 2016 இல் எங்கள் நாட்டில் தொடங்கிய சூரிய பல சங்கிராமய என்ற கூரைச் சோலார்த் திட்டத்தில் முதல் 7 வருடம் யூனிட்டுக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50 ரூபா என்று வைத்தார்களே, அதுவும் அதே வழியில் வந்ததுதான்.

ஸ்பெயினில் பார்சலோனா மாநகரசபை 1999 இல், புதிதாகக் கட்டும் கட்டடங்களில் சுடுதண்ணீரின் ஒரு பகுதியைச் சூரிய வெப்பத்தால் சூடாக்க வேண்டும் என்று துணைவிதி போட்டது. மற்ற நகரங்கள் பின்தொடர்ந்தன. 2006 இல் முழு நாட்டின் கட்டட விதியிலும் அது வந்துவிட்டது.

இந்த இரண்டும் நல்ல கதை. நல்ல கதையை மட்டும் எழுதினால் ஒப்படை அரைவாசிதான். இனி மற்றப் பக்கம். ஜேர்மனியின் பவேரியா மாநிலம் 2014 இல் ஒரு விதி கொண்டுவந்தது: காற்றாலையின் முழு உயரத்தின் பத்து மடங்கு தூரத்துக்குள் வீடு இருக்கக்கூடாது. 200 மீட்டர் உயரம் என்றால் 2 கிலோமீட்டர். வீடுகள் பரவிக் கிடக்கும் நாட்டில் அப்படி இடம் எங்கே? அங்கே புதிய காற்றாலைகள் ஏறக்குறைய நின்றுபோயின. கடைசியில் மத்திய அரசு 2022 இல் ஒரு சட்டம் போட்டு, ஒவ்வொரு மாநிலமும் 2032 க்குள் காற்றாலைக்கென்று இவ்வளவு வீத நிலம் ஒதுக்கியே ஆகவேண்டும், நாடு முழுவதும் சேர்த்து 2 வீதம் வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. பிராந்திய விதி இங்கேயும் தேசியக் கொள்கையை வடிவமைத்திருக்கிறது, ஆனால் எதிர்த்திசையில். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் மேலே இருப்பவர் அதிகாரத்தையே எடுத்துக்கொள்வார்.

எனக்கு மிகவும் பிடித்தது நாலாவது உதாரணம். ஜேர்மனியின் வடகிழக்கில் மெக்லன்புர்க் என்ற ஏழை மாநிலம். காற்று நிறைய, கம்பனியெல்லாம் வெளியூர். எங்கள் நிலைமைதான். 2016 இல் அந்த மாநிலம் சட்டம் போட்டது: காற்றாலை கட்டும் கம்பனி, 5 கிலோமீட்டருக்குள் வாழும் மக்களுக்கும் உள்ளூராட்சி சபைகளுக்கும் குறைந்தது 20 வீதப் பங்கை வாங்கும் உரிமை கொடுக்க வேண்டும். கம்பனி ஒன்று வழக்குப் போட்டது. 2022 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் பெரும்பாலும் மாநிலத்தின் பக்கம் நின்றது. இதற்கிடையில் தேசியச் சட்டத்திலும், 2.5 கிலோமீட்டருக்குள் உள்ள சபைகளுக்கு யூனிட் ஒன்றுக்கு 0.2 யூரோ சதம் வரை கொடுக்கலாம் என்று ஏற்பாடு வந்தது. ஒரு மதிப்புக்காக எங்கள் ஊருக்குப் போட்டுப் பாருங்கள்: 3.45 மெகாவாட் காற்றாலை ஒன்று வருடத்துக்கு ஒரு கோடி யூனிட் தரும் என்று வைத்தால், 0.2 சதப்படி அது 20,000 யூரோ. ஒரு தூணுக்கு, ஒரு வருடத்துக்கு. ஒரு பிரதேச சபையின் வரவுசெலவைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொகையின் பெறுமதி தெரியும்.

தோட்டவெளியிலிருந்து ஓர் அக்கா: "மாரி வந்தால் தண்ணி வடியுதில்லை. காற்றாலை றோட்டாலைதான் எண்டு நாங்கள் சொல்றம், அவை இல்லை எண்டினம். எங்கை, எப்பிடி முறையிடுறது?"

அக்கா, முதலில் திட்டம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். 1980 இன் தேசிய சுற்றாடல் சட்டமும் 1993 இல் வந்த வர்த்தமானியும் சொல்வது இதுதான்: புதுப்பிக்கத்தக்க மின் நிலையம் 50 மெகாவாட்டுக்கு மேற்பட்டால் அது சுற்றாடல் அனுமதி எடுத்தே ஆகவேண்டிய திட்டம். சரணாலய எல்லை போன்ற உணர்திறன் மிக்க இடம் என்றால் அதைவிடச் சிறியதும் அகப்படும். கரையோர வலயத்துக்குள், அதாவது கடலிலிருந்து 300 மீட்டருக்குள் வந்தால், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் தன் சட்டப்படி பார்க்கும். "50 க்கு மேற்பட்டால்" என்ற வசனத்தைக் கவனியுங்கள். சரியாக 50 என்றால் "மேற்பட்டது" இல்லை.

முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்கப்பட்டால் அறிக்கையை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைத்து எழுத்தில் கருத்துக் கேட்க வேண்டும். அதைவிடச் சுருக்கமான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை மட்டும் போதும் என்று முடிவானால் அந்த 30 நாள் கட்டாயமில்லை. எங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கருத்து எழுதும்போது "எங்களுக்கு வெள்ளம் வருகுது, திட்டம் வேண்டாம்" என்று எழுதினால் கோப்பில் "ஆட்சேபம் ஒன்று" என்று பதிந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "இன்ன இலக்கத் தூணுக்குப் போகும் வீதி நிலமட்டத்திலிருந்து மூன்று அடி உயர்த்தப்பட்டுள்ளது. மழைத்தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே கடலுக்கு ஓடும் இடம் இது. இந்த வீதிக்குக் கீழே இன்ன தூரத்துக்கு இரண்டு குழாய் மட்டும் வைத்திருக்கிறார்கள், ஒன்று மண்ணால் அடைபட்டுள்ளது. கார்த்திகை 10 ஆம் திகதி கிணற்றுக்கட்டில் தண்ணீர் இவ்வளவு உயரத்துக்கு நின்றது, படம் இணைத்துள்ளேன்." கிணற்றுக்கட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுத் திகதி எழுதிப் படம் எடுங்கள். ஐந்து வீட்டார் அப்படி எடுத்தால் பொறியியலாளர் வந்து மட்டம் பார்த்தே ஆகவேண்டும், அதற்கு எழுத்தில் பதில் தந்தே ஆகவேண்டும்.

தம்பபவனி போல ஏற்கெனவே கட்டியாயிற்று என்றால், அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் இருக்கும். 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலோ கரையோரத் திணைக்களத்திலோ அதன் பிரதியைக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வடிகால் பற்றி அதில் ஒரு நிபந்தனை இருந்து அது மீறப்பட்டிருந்தால் உங்கள் முறைப்பாட்டுக்குச் சட்டப் பலம் வந்துவிடும். நீங்கள் அதற்குப் பிறகு எதிர்ப்பவர் இல்லை, நிபந்தனையை நிறைவேற்றச் சொல்லிக் கேட்பவர்.

அதே ஊர்ப் பக்கத்திலிருந்து: "பறவைகளுக்காகக் காற்றாலையை நிப்பாட்டச் சொல்றது மிகை இல்லையா?"

இல்லை. மன்னார் மத்திய ஆசியப் பறவைகள் வலசை வரும் பாதையில் இருக்கிறது. வங்காலைச் சரணாலயம் 2010 இலிருந்து ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். காற்றாலை நன்றாகச் சுற்றுவது சோழகக் காலத்தில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில். பூநாரைகளும் தாராக்களும் பெருமளவில் வருவது வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலத்தில். ஆகவே பறவை மிகும் நாட்களில், மிகும் நேரத்தில் சில தூண்களை நிறுத்தி வைப்பதால் மின்சாரத்தில் பெரிய இழப்பு வராது. இதை அனுமதியிலேயே நிபந்தனையாக எழுத வேண்டும். கம்பனியின் நல்ல மனதுக்கு விடக்கூடாது.

கிளிநொச்சி, கரைச்சியிலிருந்து ஒரு கடைக்காரர்: "கூரையிலை சோலார் போட்டனான். நல்ல வெயில் எறிக்கிற ஒரு மணிக்கு இன்வேட்டர் தானாக நிக்குது. கம்பனிக்காரன் சபையைச் சொல்றான், சபை கம்பனியைச் சொல்லுது."

நிற்கும் நேரத்தில் இன்வேட்டரின் சின்னத் திரையைப் பாருங்கள். அதில் வோல்ட் அளவு காட்டும். 230 என்பது எங்கள் நாட்டின் அளவு, மேலே 6 வீதம் வரை போகலாம், அதாவது கிட்டத்தட்ட 244. அதைக் கடந்து 250ஐயும் தாண்டினால் இன்வேட்டர் பாதுகாப்புக்காகத் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். உங்கள் கடை மின்கம்பி வழியின் கடைசியில் இருந்தால், அதே ட்ரான்ஸ்போமரில் இன்னும் நாலுபேர் சோலார் போட்டிருந்தால், நடுமதியத்தில் அந்த மின்சாரத்தை உள்ளூரில் பாவிக்க ஆளில்லை. வோல்ட் ஏறும். உங்கள் இன்வேட்டரில் பிழை இருக்கத் தேவையில்லை.

ஒரு வாரத்துக்கு நிற்கும் நேரத்தையும் வோல்ட்டையும் குறித்துக்கொண்டு, திரையைப் படமும் எடுத்து, மின்சார சபையின் பிரதேசப் பொறியியலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். ட்ரான்ஸ்போமரிலிருந்து வெளிவரும் வோல்ட்டைத் தீர்மானிக்கும் டப் மட்டத்தைக் குறைப்பது அல்லது சுமையை மின்கம்பியின் மூன்று கட்டங்களுக்கும் (பேஸ்) சமப்படுத்துவது அவர்களால் செய்யக்கூடிய வேலை. அதுவும் நடக்காவிட்டால் மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

இதில் பெரிய விடயம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் வந்த கோளாறில் நாடே இருண்டது. அன்றைக்குப் பகல் தேவை குறைவு, சோலார் அதிகம். அதனால் வலையமைப்பு ஒரு சின்ன அதிர்ச்சியைக் கூடத் தாங்கவில்லை. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார் வைத்திருப்போரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். 2030 க்குள் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்கதாக வேண்டும் என்பது தேசிய இலக்கு. ஆனால் அந்த இலக்கு முட்டி நிற்பது உங்கள் தெருவிலுள்ள ட்ரான்ஸ்போமரில். எந்த ட்ரான்ஸ்போமருக்கு எவ்வளவு சோலார் என்ற கணக்கும், எந்தப் பிரதேசத்தில் முதலில் பற்றரி வைப்பது என்ற முடிவும் பிரதேசம் பிரதேசமாக எடுக்கப்பட வேண்டியவை. பகலில் தொழிற்சாலைச் சுமை குறைந்த வன்னிக்கு மேல் மாகாணத்தின் விதி பொருந்தாது. பகலில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டருக்குக் குறைந்த விலை வைத்தாலே இங்கே மதியச் சுமை ஏறும். இதை நான் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன், இனியும் சொல்வேன்.

துணுக்காயிலிருந்து: "ஒரு சோலார்க் கம்பனி பத்து ஏக்கர் குத்தகைக்குக் கேக்குது. காணி பேர்மிட் காணி. குடுக்கலாமோ?"

அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த பேர்மிட் காணியை நீங்களாகக் குத்தகைக்குக் கொடுக்க முடியாது. கம்பனிக்காரர் கொண்டுவரும் தாளில் கையெழுத்து வைத்தால் பேர்மிட்டே ரத்தாகக்கூடிய நிலை வரும். முதலில் டி.எஸ். ஒஃபிஸுக்கு (பிரதேச செயலகத்துக்கு) போய்க் காணி உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். வயற்காணி என்றால் இன்னும் ஒன்று: 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் நெல்வயலை வேறு தேவைக்கு மாற்ற முடியாது. உறுதிக் காணியாக இருந்தாலும் அந்த விதி விடாது. என் சொந்த அபிப்பிராயம், குளத்துக்குக் கீழான வயலில் சோலார் வேண்டாம். மேட்டுக்காணி நிறையக் கிடக்கிறது.

கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கச்சி: "ஐரோப்பாவிலை சட்டம் மாறினால் எங்களுக்கும் பாதிப்பு எண்டு சொல்லினம். உண்மையோ?"

உண்மைதான், ஆனால் நேரடியாக இல்லை. இறக்குமதிப் பொருட்களை உற்பத்தி செய்யும்போது வெளியேறும் காபனுக்காக ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் அறவிடும் கட்டணம் 2026 இலிருந்து முழுதாக நடைமுறைக்கு வருகிறது. அது சீமெந்து, இரும்பு, அலுமினியம், பசளை, ஐதரசன், மின்சாரம் ஆகியவற்றுக்கு. உடுப்புக்கு இல்லை. உங்களை எட்டுவது வேறு வழியால். அங்குள்ள பெரிய கொள்வனவாளர்கள் தங்கள் உடுப்பு எந்த மின்சாரத்தில் தைக்கப்படுகிறது என்று கணக்குக் காட்ட வேண்டிய நெருக்கடியில் இருக்கிறார்கள். அந்த நெருக்கடியைத் தொழிற்சாலைக்குக் கடத்துகிறார்கள். தொழிற்சாலைக் கூரைகளில் சோலார் ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பல நாடுகள் சேர்ந்த ஒரு பிராந்தியம் தன் உறுப்பு நாடுகளை எப்படி வளைக்கிறது என்பதற்கும் அவர்கள்தான் பெரிய உதாரணம். 2009 இல் வந்த ஐரோப்பியப் பணிப்பாணை 2020 க்குள் மொத்தச் சக்தியில் 20 வீதம் புதுப்பிக்கத்தக்கதாக வேண்டும் என்றது. எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. மால்டாவுக்கு 10 வீதம், சுவீடனுக்கு 49 வீதம். ஆளுக்கேற்ற சுமை.

தலைமன்னாரிலிருந்து: "இந்தியாவோடை கரண்ட் கேபிள் இழுக்கப் போகினமாம். எங்கடை காற்று அங்கை போகுமோ?"

2025 ஏப்ரலில் இரண்டு நாடுகளும் உயர் அழுத்த நேர்மின் இணைப்புக்கு ஓர் ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டன. பேச்சு இரண்டு பக்கமும் விற்பது வாங்குவது பற்றித்தான். சோழகக் காலத்தில் இங்கே மிஞ்சுவதை அங்கே விற்கலாம், அங்கே மிஞ்சுவதை வாங்கலாம். தத்துவத்தில் நல்லது. சார்க் நாடுகள் 2014 இல் காத்மண்டுவில் மின்சாரக் கூட்டுறவுக்கு உடன்பட்டன, வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் 2018 இல் உடன்பட்டது. ஆனால் நடைமுறை விதியை எழுதுவது சந்தையில் பெரியவர்.

நேபாளத்தைப் பாருங்கள். இந்தியா 2021 இல் கொண்டுவந்த நடைமுறைப்படி, இந்தியாவோடு நில எல்லை உள்ள, ஆனால் மின்சார ஒப்பந்தம் இல்லாத மூன்றாம் நாட்டின் பங்கு உள்ள நிலையத்திலிருந்து மின்சாரம் வாங்கமாட்டார்கள். சீனாவின் பங்கு என்று விளங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நேபாளத்தில் யாருக்கு நீர்மின் திட்டம் கொடுப்பது என்ற முடிவே மாறத் தொடங்கியது. எங்கள் வடக்கிலும் அதன் நிழல் விழுந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான கலப்பு மின்திட்டம் 2021 இல் ஒரு சீனக் கம்பனிக்குப் போக இருந்தது. இந்தியா ஆட்சேபித்தது. 2022 இல் அது இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. கேபிள் வந்தபின் மன்னாரில் யார் காற்றாலை கட்டலாம் என்பதையும் அந்தச் சந்தை விதிகள் தொடும். அதனால் ஊருக்கான பங்கு, தூரம், வடிகால் பற்றிய எங்கள் விதிகளைக் கேபிளுக்கு முன்னரே எழுதிவிட வேண்டும் என்கிறேன்.

கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து, 2025 மே மாதம் தெரிவான ஒரு பிரதேச சபை உறுப்பினர்: "எல்லாம் சரி அண்ணை. மாகாண சபை எப்ப வரும் எண்டு தெரியாது. ஒரு பிரதேச சபையாலை இப்ப என்ன செய்யலாம்?"

நல்ல கேள்வி தம்பி. 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் உங்களுக்குத் துணைவிதி ஆக்கும் அதிகாரம் தருகிறது. சபை வீதிகள், வடிகால், கட்டட அனுமதி மூன்றும் உங்கள் கையில். காற்றாலைக்கு அனுமதி இல்லை என்று உங்களால் சொல்ல முடியாது, சொன்னால் நீதிமன்றத்தில் நிற்காது. ஆனால் 60 மீட்டர் கடந்த இறக்கையை ஏற்றிவரும் லொறி உங்கள் வீதியால்தான் போக வேண்டும். வீதியைப் பாவிக்க முன்னர் இருபக்கமும் படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும், திருத்தச் செலவுக்குப் பிணைப்பணம் கட்ட வேண்டும், வடிகாலைக் குறுக்கே மறிக்கும் எந்த வீதிக்கும் சபையின் எழுத்து ஒப்புதல் வேண்டும் என்று துணைவிதி எழுதலாம். பெரிய நிலச் சோலாருக்குக் கட்டட அனுமதி கேட்கும்போது மழைநீர் போகும் வரைபடம் இணைத்தே வர வேண்டும் என்று வைக்கலாம். ஊருக்கான பங்கைத் துணைவிதியால் கட்டாயப்படுத்த முடியாது. அதைச் சபைத் தீர்மானமாக எடுத்து, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்ட அறிக்கையில் ஏற்றுங்கள். மின்சார சபையைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்கும் 2024 சட்டத்தின் கீழ் புதிய விதிகள் எழுதப்படும் காலம் இது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்துக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தீர்மானத்தை இணைத்து அனுப்புங்கள். மெக்லன்புர்க்கின் கதையையும் ஒரு பக்கத்தில் சேர்த்து அனுப்பலாம்.

துணைவிதி சபையில் நிறைவேறினால் மட்டும் போதாது. மேலே அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வர வேண்டும். அதற்கு மாதக்கணக்கு எடுக்கும். அதனால் வரைபை இந்தக் காலாண்டிலேயே தொடங்குங்கள், உள்ளூராட்சி உதவி ஆணையாளரிடம் முதலிலேயே காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று: கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி மூன்று சபையும் ஒரே வாசகத்தை எடுங்கள். அப்போது ஒரு சபை இறுக்குகிறது என்று கம்பனி பக்கத்துச் சபைக்குப் போய்ச் சலுகை கேட்க வழியிருக்காது.